யார் சொன்னால் அது புகார்?

ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் அதே கேள்வி வருகிறது. "இவ்வளவு கொடுமை நடந்திருக்கிறதே, ஏன் முன்பே புகார் கொடுக்கவில்லை?" தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளர் கேட்கிறார். கல்லூரி நிர்வாகம் கேட்கிறது. நம் வீட்டுக் கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டே சித்தப்பா கேட்கிறார். கேட்பவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி, நடந்ததற்கான பொறுப்பை மெல்ல நகர்த்தி, இறந்தவரின் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போகிறது.

பாயல் தட்விக்கும் இதுதான் நடந்தது. மகாராஷ்டிராவின் ஜல்காவ் பகுதியிலிருந்து வந்த பழங்குடிப் பெண் அவர். மும்பை நாயர் மருத்துவமனையோடு இணைந்த டோபிவாலா தேசிய மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு மருத்துவ மேற்படிப்பு, இரண்டாம் ஆண்டு. 2019 மே 22 அன்று இறந்தபோது அவருக்கு வயது 26. இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று சொல்லி இழிவுபடுத்தினார்கள், பிரசவம் பார்க்க விடாமல் ஒதுக்கினார்கள் என்று மூன்று சீனியர் பெண் மருத்துவர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தற்கொலைக்குத் தூண்டுதல், ராகிங் தடைச் சட்டம் ஆகியவற்றின் கீழ் வழக்குப் பதிவானது.

பாயல் சாவதற்கு முன்பே துறையிடம் முறையிட்டதாக அவர் குடும்பத்தினர் சொன்னார்கள். அப்படி எந்தப் புகாரும் வரவில்லை என்பது நிர்வாகத் தரப்பின் பதிலாக இருந்தது. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இந்தக் கட்டுரை பேசப்போவது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான். ஒரு தாய் வந்து தன் மகள் படும் பாட்டைச் சொல்கிறார். அது "சொன்னது" ஆகிறது. "புகார்" ஆவதில்லை. சொன்னதைப் புகாராக மாற்றும் அதிகாரம் கேட்பவரின் கையில் இருக்கிறது. நம் மருத்துவக் கல்லூரிகளில் சாதிப் பாகுபாடு வெளியே வராமல் போவதற்கு மாணவர்களின் தைரியக் குறைவு காரணமில்லை. இந்த அதிகாரம்தான் காரணம்.

மற்றக் கல்லூரிகளுக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பொறியியல் கல்லூரியில் ஒரு பேராசிரியருக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு பாடம் போகும். மருத்துவ மேற்படிப்பில் மூன்று ஆண்டுகள் ஒரே துறை, பெரும்பாலும் ஒரே யூனிட். உங்களுக்கு டூட்டி போடுபவர், லீவு தருபவர், தீசிஸுக்குக் கைடாக இருப்பவர், லாக் புக்கில் கையெழுத்துப் போடுபவர், கடைசியில் வைவாவில் எதிரே உட்காருபவர் எல்லாம் அந்த நாலைந்து பேர்தான். எம்பிபிஎஸ் மாணவருக்கும் இன்டர்னல் மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் இல்லாமல் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. அந்தப் பேனா யாரிடம் இருக்கிறதோ அவரைப் பற்றித்தான் புகார் எழுத வேண்டும். எழுதிய புகாரை அவருடைய அடுத்த அறை நண்பரிடம்தான் கொடுக்க வேண்டும்.

நான் படித்த கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே மட்டும் நடப்பதல்ல இது. அறுவை சிகிச்சை மேற்படிப்பில் சேர்ந்த முதல் வாரம் யூனிட் சீஃப் எங்களை வரிசையாக நிற்க வைத்துக் கேட்ட முதல் கேள்வி, "ரேங்க் எவ்வளவு?" ரேங்கைச் சொன்னால் போதும், சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு யாரும் என்னைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. திட்டியிருந்தால் புகார் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். நடந்தது வேறு. ஆறு மாதத்தில் என்னோடு சேர்ந்தவர்களுக்கு ஹெர்னியா, அப்பெண்டிக்ஸ் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. எனக்கு ரிட்ராக்டர் பிடிக்கும் வேலையும் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதும் வேலையும். ஏன் என்று கேட்டால், "உனக்கு இன்னும் கை வரலப்பா." கத்தியைக் கையில் கொடுக்காமல் கை எப்படி வரும்?

தமிழ்நாட்டிலிருந்து அகமதாபாத் போய் அறுவை சிகிச்சை மேற்படிப்பு படித்த பட்டியல் சாதி மருத்துவர் ஒருவர் 2018 ஜனவரியில் தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டார். அவர் சொன்ன குற்றச்சாட்டுகளில் ஒன்று, தன்னை அறுவை சிகிச்சை செய்ய விடவில்லை என்பது. இன்னொன்று, தன்னை டீ கொடுக்கும் வேலைக்கு வைத்தார்கள் என்பது. பாயல் மும்பையில், இவர் அகமதாபாத்தில். ஊர் வேறு, மொழி வேறு, துறை வேறு. குற்றச்சாட்டின் சாரம் ஒன்று: தொழிலைக் கற்றுக்கொடுக்காமல் வைத்திருப்பது. மருத்துவக் கல்லூரிச் சாதியத்தின் தனித்த முகம் இது. சேரிக்குள் விடாத தெருவைப் போலத் தியேட்டருக்குள் விடாத யூனிட். உள்ளே விட்டாலும் மேஜைக்கு எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்கிற யூனிட்.

இதெல்லாம் தனிப்பட்ட மனக்குறை என்று சொல்பவர்களுக்காக ஒரு பழைய அறிக்கையை நினைவூட்டுகிறேன். 2006 இல் இடஒதுக்கீட்டு எதிர்ப்புப் போராட்டத்தின் மையமாக தில்லி எய்ம்ஸ் இருந்தது. அங்கே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி முறையீடுகள் எழ, அப்போதைய யுஜிசி தலைவர் சுகதேவ் தோரட் தலைமையில் ஒன்றிய அரசு குழு அமைத்தது. 2007 இல் அறிக்கை வந்தது. விசாரிக்கப்பட்ட பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 72 விழுக்காட்டினர் வகுப்பறையில் ஏதோ ஒரு வகையில் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொல்லியிருந்தார்கள். செய்முறைத் தேர்வும் வைவாவும் நேர்மையாக நடக்கவில்லை என்றவர்கள் 84 விழுக்காடு. விடுதியில் தொல்லை தாங்காமல் இடம் மாறி, குறிப்பிட்ட மாடிகளில் ஒன்றாகச் சேர்ந்து வாழ வேண்டிய நிலையையும் அறிக்கை பதிவு செய்தது. நாட்டின் தலைசிறந்த மருத்துவ நிறுவனத்துக்குள் ஒரு சேரி உருவாகியிருந்தது.

அதற்குப் பிறகும் எய்ம்ஸில் 2010 இல் பால்முகுந்த் பாரதி இறந்தார். 2012 இல் அனில் குமார் மீனா இறந்தார். ஒருவர் தலித், ஒருவர் பழங்குடி. இரண்டு மரணங்களுக்குப் பிறகும் "ஏன் புகார் கொடுக்கவில்லை" என்று கேட்டவர்கள், ஒரு அரசுக் குழு கொடுத்த முழு அறிக்கை என்ன ஆனது என்று கேட்கவில்லை. பத்துப் பக்கம் எழுதத் தெரியாத மாணவரின் புகார் மட்டுமல்ல, யுஜிசி தலைவரே எழுதிக் கொடுத்தாலும் அது புகாராவதில்லை.

சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரியின் ஜஸ்பிரீத் சிங் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கும். இறுதியாண்டு தலித் மாணவர். சமூக மருத்துவப் பாடத்தில் தோல்வி. 2008 ஜனவரியில் இறந்தார். எழுதி வைத்த குறிப்பில் பேராசிரியர் ஒருவரின் பெயர் இருந்தது. பின்னர் குடும்பத்தின் போராட்டத்தால் வெளியாட்களைக் கொண்டு அதே விடைத்தாளை மறுபடி திருத்தினார்கள். அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். விடைத்தாள் என்று ஒன்று இருந்ததால் இது தெரியவந்தது. வைவாவில் கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் எந்தத் தாளும் இல்லை. அங்கே போடும் மதிப்பெண்ணை யார் மறுமதிப்பீடு செய்வது?

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. தில்லியின் வர்த்தமான் மகாவீர் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் உடலியங்கியல் பாடத்தில் மட்டும் திரும்பத் திரும்பத் தோல்வியடைந்தார்கள். அவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். நீதிமன்றம் போனார்கள். தேசியப் பட்டியல் சாதி ஆணையம் பாலச்சந்திர முங்கேகரை விசாரணைக்கு நியமித்தது. 2012 இல் வந்த அவருடைய அறிக்கை, அந்தத் துறையில் சாதிப் பாகுபாடு நடந்தது என்று சொன்னது. இங்கே என்ன மாறியது? மாணவர்கள் திடீரென்று வீரர்கள் ஆகவில்லை. தனியாகப் போகாமல் கூட்டாகப் போனார்கள். வாய்ச்சொல்லோடு போகாமல் ஆவணத்தோடு போனார்கள். துறைத் தலைவரிடம் நிற்காமல் கல்லூரிக்கு வெளியே போனார்கள். மூன்றாவதுதான் முக்கியம்.

புகாரைக் கேட்கத் தெரியாத நாடா இது? தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1950 இல் செண்பகம் துரைராசன் என்ற பார்ப்பனப் பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வகுப்புவாரி அரசாணையால் தனக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது அவர் முறையீடு. அவர் அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. விசாரித்துப் பார்த்தேன், கிடைக்காது என்று தெரிந்தது என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தார். விண்ணப்பிக்காதவரின் புகாரை உயர் நீதிமன்றம் கேட்டது. 1951 இல் உச்ச நீதிமன்றமும் கேட்டது. அரசாணை செல்லாது என்றானது. தமிழ்நாடு கொதித்தெழுந்து, அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்த பிறகுதான் நம் இடஒதுக்கீடு மூச்சுவிட்டது. நடக்காத அநீதியைச் சொன்னவரிடம் "தேதி என்ன, சாட்சி யார், எழுத்தில் இருக்கிறதா" என்று யாரும் துருவவில்லை. நடந்த அநீதியைச் சொல்லும் பாயலின் தாயிடம் அத்தனையும் கேட்கப்படுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012 இல் வந்த யுஜிசி சமத்துவ விதிகள், ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும், புகாருக்கு 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன. அவற்றை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2019 இல் உச்ச நீதிமன்றத்தின் படியேறியவர்கள் இரண்டு தாய்மார்கள்: ரோகித் வெமுலாவின் அம்மா ராதிகா, பாயலின் அம்மா ஆபிதா. ஏழு ஆண்டுகளாக இருந்த விதியை அமலாக்க இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் சாதி சொல்லி இழிவுபடுத்துவது பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்று அது கேட்கிறது. ரெசிடென்ட் அறையின் மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தால் நிரூபிப்பது கடினம். கத்தியைக் கையில் கொடுக்காததை எந்தப் பிரிவில் எழுதுவது?

அதனால் கல்லூரிகள் பெரும்பாலும் விஷயத்தை ராகிங் என்ற பெட்டிக்குள் போட்டு மூடுகின்றன. 1996 இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு 1997 இல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. தேவையான சட்டம். 2016 இல் யுஜிசி ராகிங் வரையறைக்குள் சாதியையும் சேர்த்தது. அதுவும் நல்லது. ஆனால் ராகிங் என்பது சீனியர், ஜூனியர் பிரச்சினை. இன்று வாங்குபவர் நாளை சீனியராகிவிடுவார். சாதியில் அப்படிப் பதவி உயர்வு கிடையாது. ராகிங் கமிட்டி சீனியர் மாணவரைத்தான் கூப்பிட்டு விசாரிக்கும். பேராசிரியரை விசாரிக்க அதற்கு வாயில்லை.

இரண்டு மறுப்புகளை எப்போதும் கேட்கிறேன். ஒன்று, "மருத்துவப் படிப்பே கஷ்டம்தான், எல்லோரும் திட்டு வாங்கித்தான் படித்தோம்." உண்மை. 36 மணி நேர டூட்டி எல்லோருக்கும் கொடுமைதான், அதை ஒழிக்க நாம் எல்லோரும் சேர்ந்து நிற்க வேண்டும். ஆனால் திட்டு எல்லோருக்கும், தியேட்டர் சிலருக்கு என்றால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை. இரண்டு, "பொய்ப் புகார் வரும், ஒரு நல்ல ஆசிரியரின் வாழ்க்கை வீணாகும்." பொய்யா மெய்யா என்பது விசாரித்தால் தெரியும். விசாரணைக்குப் பயப்படாத ஆசிரியருக்கு விசாரணைதான் பாதுகாப்பு. பாயல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட மூவரும் அதே கல்லூரிக்குத் திரும்பிப் படிப்பை முடிக்க 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர்களின் படிப்பு கெடக் கூடாது என்ற அக்கறையை நான் குறை சொல்லவில்லை. அதே அக்கறையில் கால்வாசியைப் பாயல் உயிரோடு இருந்தபோது ஒரு கையெழுத்தாகக் காட்டியிருந்தால் என்பதுதான் என் கேள்வி.

என்ன செய்ய வேண்டும்? மாணவர்களுக்குத் தைரிய வகுப்பு நடத்துவதை நிறுத்திவிட்டு, கல்லூரிகளிடம் சில விஷயங்களைக் கேட்போம்.

முதலில் ரசீது. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுக்கு ஒரு எண் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக் குழாய்க்கு ஒரு எண் இருக்கிறது. சாதிப் பாகுபாட்டுப் புகாருக்கு எண் கிடையாது. வாயால் சொன்னாலும், பெற்றோர் வந்து சொன்னாலும், அதை எழுதிக்கொண்டு எண் போட்டுத் தர வேண்டும். எண் விழுந்த பிறகு "வரவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது, விசாரிப்பவர் வெளியாளாக இருக்க வேண்டும். அதே துறை, அதே கல்லூரி ஆட்கள் விசாரித்தால் அது விசாரணையாகாது, சமாதானப் பேச்சு. குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களும் கல்லூரிக்குத் தொடர்பில்லாதவர்களும் பெரும்பான்மையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, புகார் கொடுத்த நாளிலிருந்து அந்த மாணவரின் மதிப்பெண், கைடு, லாக் புக் கையெழுத்து எல்லாம் வேறு கைக்கு மாற வேண்டும். இடம் மாற்றப்பட வேண்டியவர் அதிகாரத்தில் இருப்பவர். மாணவரைத் தூக்கி வேறு யூனிட்டில் போட்டு, "பிரச்சினை பண்ணுகிற ஆள்" என்று முத்திரை குத்துவது தீர்வாகாது.

நான்காவது, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சாட்சியைத் திறந்து பார்ப்பது. ஒவ்வொரு தியேட்டரிலும் ஒரு ரெஜிஸ்டர் இருக்கிறது. அன்று என்ன அறுவை சிகிச்சை, செய்தவர் யார், அசிஸ்ட் பண்ணியவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். லாக் புக்கில் பார்த்தது எத்தனை, உதவியது எத்தனை, தானே செய்தது எத்தனை என்று இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை இவற்றைக் கூட்டிப் பார்த்தால் போதும். யாருக்குக் கை வரவில்லை, யாருக்குக் கை கொடுக்கப்படவில்லை என்பது தெரிந்துவிடும். இதற்கு எந்த மாணவரும் தன் பெயரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நடப்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். யார் இருந்தார்கள், என்ன வார்த்தை, எந்த வார்டு. எழுதியதை அன்றே நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகும். இன்று புகார் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. என்றைக்குக் கொடுக்க முடிவு செய்கிறீர்களோ அன்றைக்கு அது உங்களிடம் இருக்கும். மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணை அழையுங்கள், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். உங்கள் உயிரைவிட எந்த டிகிரியும் பெரிதில்லை. பக்கத்து அறையில் இருப்பவர் ஆதிக்க சாதியில் பிறந்து, சாதியை எதிர்க்கிறேன் என்று சொல்பவராக இருந்தால், அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது: கேட்டதைக் கேட்டேன் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆதரவுப் பதிவு போடுவது அதற்குப் பிறகு.

மருத்துவக் கல்லூரிக்கு வெளியே இருக்கும் தோழர்களுக்கும் வேலை உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட மாணவராக இருக்க வேண்டியதில்லை, குடிமகனாக இருந்தால் போதும். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரிக்கு மூன்று கேள்வி எழுதுங்கள். பாகுபாடு எதிர்ப்பு அலுவலர் யார், எந்தத் தேதியில் நியமிக்கப்பட்டார்? கடந்த ஐந்து ஆண்டுகளில் சாதிப் பாகுபாடு பற்றி எத்தனை புகார்கள் வந்தன? அவற்றில் எத்தனைக்கு 60 நாளில் முடிவு சொல்லப்பட்டது?

"புகார் எதுவும் இல்லை" என்று பதில் வந்தால் அதைச் சமத்துவம் நிலவுவதன் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கல்லூரியில் புகாருக்கு எண் போடும் பழக்கம் இருக்கிறதா என்று அடுத்த மனுவில் கேளுங்கள். உள்ளே இருக்கும் பிள்ளை கேட்டால் இன்டர்னல் போகும். நாம் கேட்டால் 10 ரூபாய்தான் போகும்.